அணைந்திருந்தால் நடக்கலாம்

பாண்டித்துரைக்கு அன்று லீவு. லீவு என்றால் என்ன பெரிய லீவு? பாலக்காட்டிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறிக் குலுங்கிக்கொண்டு இடுக்கியில் பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே இருக்கிற எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்து, அம்மா வைத்துவிட்டுப் போன மத்திக் குழம்பைச் சாப்பிட்ட கையோடு மறுபடியும் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வதற்குப் பெயர் லீவாம். கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளைகளின் லீவெல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு அவனை யாரும் வேலை செய்யச் சொல்லவில்லை. பயம்தான் உட்கார வைத்தது.

அவன் அம்மா சாந்தம்மாள் எஸ்டேட்டின் டாப் டிவிஷனில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மஸ்டர் கொட்டகையில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, தேயிலைக் காட்டுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் இறங்கி லயத்துக்கு வருவாள். அந்தப் பாதையில் யானை வரும். எப்போதாவது வரும் என்று இல்லை, வாரத்துக்கு இரண்டு தரம் மூன்று தரம் வரும். ஐப்பசி மாதத்துப் பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் நிற்பது யானையா பாறையா என்று தெரியாது.

முன்பெல்லாம் பொம்பளைகள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்துதான் இறங்குவார்கள். கூவிக்கொண்டே வருவார்கள், காதைத் தீட்டி வைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாதை நெடுக இருபத்து நான்கு கம்பங்கள் நட்டார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு கேமரா, ஒரு சிவப்பு விளக்கு. கேமரா பிடிக்கிற படம் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் இருக்கிற ஒரு சர்வர் அறைக்குப் போகும். யானை தெரிந்தால் அங்கிருந்து உத்தரவு திரும்பி வந்து, அந்தக் கம்பத்திலும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள கம்பங்களிலும் சிவப்பு எரியும். எரிந்தால் நின்ற இடத்தில் நில், அசையாதே. அணைந்திருந்தால் நடக்கலாம். இவ்வளவுதான் சட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்து லயத்துச் சனம் முழுவதுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவனே பாண்டித்துரைதான். அவன் வேலை பார்க்கிற கம்பெனிதான் அந்த வேலையை எடுத்திருந்தது.

அன்றிலிருந்து சாந்தம்மாளுக்குத் தைரியம் வந்துவிட்டது. யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தன் எடை முடிந்ததா, விளக்கு எரியவில்லையா, கிளம்பு. ஒற்றை ஆளாக, சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போகிறவளைப் போல வருவாள். அந்தத் தைரியத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் மகனுக்குப் பயம் கூடும்.

கூடாமல் என்ன செய்யும்? போன மாதம் விளக்கு நாற்பது விநாடி தாமதமாக எரிந்தது. நாற்பது விநாடி என்பது ஒரு வாய் வெற்றிலை மடிக்கிற நேரம். அதற்குள் பக்கத்து லயத்துச் சின்னத்தாய் நேராக யானையின் முன்னால் போய் நின்றுவிட்டாள். திரும்பி ஓடி, ஓடையில் விழுந்து, கை முறிந்ததோடு தப்பித்தாள். அவள் ஓடி முடித்த பிறகு அழகாகச் சிவப்பு எரிந்தது.

தாமதம் எதனால் என்று பாண்டித்துரை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டான். கஞ்சிக்கோட்டில் ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஏழு மெஷின்கள் குடியிருந்தன. ஏழும் நிஜ மெஷின்கள் அல்ல, மென்பொருளால் தடுத்துப் பிரித்த அறைகள். ஒரே லயத்தில் ஏழு குடும்பம் இருக்கிற மாதிரி. யானை பார்க்கிற மெஷின் ஒரு வீட்டில், விளக்குக்கு உத்தரவு போடுகிற மெஷின் ஒரு வீட்டில், முதலமடை மாங்காய் லாரிகள் எங்கே போகின்றன என்று பார்க்கிற மெஷின் ஒரு வீட்டில், ஏதோ ஒரு ஸ்கேன் சென்டரின் படங்களைச் சேர்த்து வைக்கிற மெஷின் இன்னொரு வீட்டில். ஏழு வீட்டுக்கும் வெளியே போக வாசல் ஒன்று. அந்த வாசலில் இரண்டு கேபிள்கள், இரண்டும் போய்ச் சேருவது ஸ்விட்ச் என்கிற ஒரே இணைப்புப் பெட்டியில். ஒரு கேபிள் வேலை செய்யும், இன்னொன்று சும்மா காத்திருக்கும். முதலாவது செத்தால் இரண்டாவது எழுந்துகொள்ளும். மத்தியானத்துக்கு மேல் ஸ்கேன் படங்கள் மொத்தமாகப் புறப்படும்போது அந்த ஒற்றைக் கேபிள் திணறியது. யானைப் படம் வரிசையில் நின்றது.

இரண்டு கேபிளையும் சேர்த்துப் பயன்படுத்துகிற ஏற்பாட்டை அவர்கள் ஆபீஸில் ‘கட்டு’ என்பார்கள். எப்படிக் கட்டுவது என்பதில் மூன்று வாரமாக அவனுக்கும் மேனேஜர் ஹரிஷங்கருக்கும் வாக்குவாதம். ஹரிஷங்கர் கல்பாத்திக்காரர், நிதானமானவர்.

“ஒண்ணு ஓடட்டும், ஒண்ணு உக்காந்துண்டிருக்கட்டும். அதுக்கென்னடா குத்தம்?” என்றார் அவர். “ரெண்டையும் ஓட விடணும்னா சர்வரும் ஸ்விட்சும் ஒண்ணையொண்ணு கேட்டு உறுதி பண்ணிக்கற முறையிலேதான் விடணும். நம்ம பழைய ஸ்விட்சுக்கு அது தெரியாதாக்கும். புதுசு வரட்டும், ரெண்டு மாசம் பொறுத்துக்கோ.”

“ரெண்டு மாசம் எங்கம்மா அந்தப் பாதையிலதான் சார் நடக்கணும்.”

“அதுக்குன்னு மூணாவது முறையிலே கட்டப் போறியா? கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை, பாதியை இதிலே தள்ளு, பாதியை அதிலே தள்ளுன்னு குருட்டுத்தனமா. அந்தப் பக்கம் வாங்கிக்க ஆள் இருக்கானான்னு கூடப் பாக்காது. கேபிள்லே லைட்டு எரியறதா, சரி, உயிரோட இருக்குன்னு நெனச்சுக்கும். எனக்கு அது பிடிக்கலை, கேட்டியா.”

ஹரிஷங்கர் சொன்னது சரி. சரி என்று பாண்டித்துரைக்கும் தெரியும். ஆனால் சின்னத்தாயின் கைக்கட்டைப் பார்த்துவிட்டு வந்தவனிடம் போய் இரண்டு மாதம் பொறு என்றால் யார் பொறுப்பார்கள்? நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அந்த மூன்றாவது முறைக்கே சம்மதம் வாங்கிவிட்டான். பயத்தில் எடுக்கிற முடிவுக்கு எப்போதும் ஒரு அவசரம் இருக்கும்.

மாற்றுவதாகச் சொல்லியிருந்த நாள்தான் இந்த லீவு நாள். ஹரிஷங்கர் கல்பாத்தித் தேருக்கு லீவு. சர்வர் அறையில் ஜிஜி மட்டும் இருந்தான். ஜிஜி வடக்கஞ்சேரிப் பையன், நல்ல பிள்ளை. மலையாளத்தில் ‘பாண்டி’ என்பது தமிழனைக் கேலி செய்கிற சொல் என்பதால் பாண்டித்துரையைத் துரை சேட்டா, அதாவது துரை அண்ணா என்று மட்டும்தான் கூப்பிடுவான். அவ்வளவு பதவிசு.

காலையிலேயே பாண்டித்துரை போனில் சொல்லியிருந்தான். “ஜிஜி, ரெண்டாவது கேபிள் கிளிப் ஒடஞ்சு லூசா இருக்கு. அதை மாத்திடு. சாயங்காலம் நான் இங்கேயிருந்தே கட்டை மாத்திக்கறேன்.”

மூன்றரை மணிக்கு மறுபடி கூப்பிட்டான். “ரெண்டாவதை மாத்திட்டியா?”

“மாற்றியிட்டுண்டு சேட்டா.”

“லைட்டு எரியுதா?”

“பச்ச கத்துந்நுண்டு.”

பச்சை எரிகிறது. பிறகென்ன. பாண்டித்துரை ஏற்பாட்டை மாற்றினான். வேலை நடக்கும்போது கண்டபடி எச்சரிக்கை மணி அடிக்காமல் இருக்க, படம் நின்றுபோனால் கத்துகிற ஏற்பாட்டை மட்டும் அரைமணி நேரத்துக்கு நிறுத்தி வைத்தான். எல்லாரும் செய்கிறதுதான்.

மாற்றிய உடனே தாமதம் விழுந்தது. நாற்பது விநாடி இருந்தது ஐந்தாயிற்று, மூன்றாயிற்று. திரையில் அந்த மூன்றைப் பார்த்தபோது அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இனி அம்மா நடக்கலாம். எழுந்து போய்க் கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தான். சர்வரை ஆட்டிவைக்கிற நிர்வாகப் பக்கம் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மழைக்கு எஸ்டேட் சிக்னல் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான். இருபத்து நான்கு கேமராவும் தெரிகிற பக்கம்தான் திறந்திருந்ததே. எல்லாச் சதுரத்திலும் வெள்ளைப் பனி, அதற்குள் கொஞ்சம் தேயிலை, ஒரு கம்பம். வேறொன்றும் இல்லை.

நாலேகாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் அவன் ஏழாம் கேமராவின் மூலையைப் பார்த்தான். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பொடி எழுத்தில் மணி ஓடும். ஏழில் மூன்று நாற்பத்தொன்று என்றிருந்தது.

எட்டைப் பார்த்தான். நாலு ஐந்து. ஒன்பது, மூன்று நாற்பத்தொன்று. பத்து, நாலு ஐந்து. பதினொன்று, மூன்று நாற்பத்தொன்று.

ஒற்றைப்படைக் கேமராக்கள் அத்தனையும் இருபத்து நான்கு நிமிஷமாகச் செத்துக் கிடந்தன. பனிக்குள் ஓடுகிற படமும் ஒன்றுதான், நின்றுபோன படமும் ஒன்றுதான், வித்தியாசம் தெரியவில்லை. தாமதம் ஏன் விழுந்தது என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாதிப் படங்கள் வரவே இல்லை. கூட்டம் பாதியானால் வரிசை வேகமாகத்தானே நகரும்.

இரண்டாவது கேபிளில் தள்ளியதெல்லாம் எங்கோ காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. படம் வராது என்பது மட்டுமல்ல, ஒற்றைப்படைக் கம்பங்களுக்கு உத்தரவும் போகாது. ஏழாம் கம்பத்தடியில் யானை நின்றாலும் ஏழில் விளக்கு எரியாது. எரியாத விளக்குக்கு இந்த எஸ்டேட்டில் என்ன அர்த்தம்? நடக்கலாம்.

அம்மாவின் நம்பரை அழுத்தினான். அடுப்படி அலமாரியில் அம்மாவின் போன் பாட்டுப் பாடியது. மழை நாளில் நனைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற வழக்கம்.

மஸ்டர் கொட்டகையில் எடை எழுதுகிற குருசாமியைக் கூப்பிட்டான். “மாமா, எங்கம்மா இருக்காங்களா?”

“சாந்தம்மாவா? அவ அப்பவே நிறுத்துட்டுக் கெளம்பிட்டாளே. அஞ்சு நிமிசம் இருக்கும்.”

“ஒத்தையிலயா?”

“அவ என்னைக்குப்பா தொணைக்கு ஆள் பாத்தா? வெளக்கு எரியல, போயிட்டா.”

“மாமா, வேற யாரையும் விடாதீங்க. வெளக்கைப் பாக்காதீங்க, அது பொய் சொல்லுது. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாது.”

குருசாமிக்குக் குரல் மாறிவிட்டது. “சரிப்பா” என்று மட்டும் சொன்னார்.

பாண்டித்துரை வாசல் வரைக்கும் ஓடினான். ஓடினால் ஏழாம் கம்பத்துக்குப் பதினைந்து நிமிஷம் ஏற வேண்டும். அவன் போய்ச் சேருவதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். திரும்பி உள்ளே ஓடி வந்தான். நிர்வாகப் பக்கம் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. இதற்குச் சிக்னலும் காரணமில்லை, மழையும் காரணமில்லை. அந்தப் பக்கமும் செத்த கேபிளில் போய் விழுந்திருக்கிறது. அவன் செய்ததை அவனால் இங்கிருந்து அழிக்க முடியாது. ஜிஜியின் கை மட்டும்தான் மிச்சம்.

“ஜிஜி, ரெண்டாவது கேபிளை என்ன பண்ணினே? புதுக் கேபிள்தானே போட்டே?”

“புதியதோ? இல்லல்லோ. சேட்டன் பறஞ்ஞது போலெ மாற்றி. தாழெ லூசாயிருந்நு. மேலத்தெ ஸ்விட்சிலேக்கு மாற்றிக் குத்தி.”

மாற்றி. தமிழில் மாத்து என்றால் பழசை எடுத்துவிட்டுப் புதுசைப் போடு. மலையாளத்தில் மாற்று என்றால் அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் வை என்றும் ஆகும். பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் பேசுகிறவன் அவன். இடுக்கியில் பள்ளிக்கூடம், பாலக்காட்டில் வேலை. அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தவனுக்குத்தான் கேட்டுத் தெளிய வேண்டும் என்று தோன்றவே தோன்றாது. அதே பழைய கேபிளை, இந்தக் கட்டைப் பற்றி ஒன்றுமே அறியாத இன்னொரு ஸ்விட்சில், பொறுப்பாகக் கொண்டுபோய்க் குத்தி வைத்திருக்கிறான் ஜிஜி. பச்சையும் எரிகிறது. எரிகிற விளக்கைப் பார்த்துச் சர்வரும் பாதிப் பாரத்தை அதில் கொட்டிக்கொண்டிருக்கிறது.

“ஜிஜி, அதை இப்பவே ஊரிக்கோ” என்றான். ஊருவதென்றால் பிடுங்குவது. இந்தத் தடவை மலையாளச் சொல்லையே தேடி எடுத்துச் சொன்னான். “நீ மேலே குத்தினது எதுவோ அதை மட்டும். கீழே இருக்கறதைத் தொடாதே.”

மறுமுனையில் இன்னொரு போனை எடுத்து எண்களை அழுத்துகிற சத்தம் கேட்டது.

“ஜிஜி.”

“சேட்டா, ஹரி சாரினோடு சோதிக்காதெ ஞான் எங்ஙனெயா?” சாரைக் கேட்காமல் ஓடுகிற கேபிளைப் பிடுங்கக் கூடாது என்பது அறைக் கதவிலேயே ஒட்டியிருக்கிற விதி. “ஸ்கேன்காருடெ காப்பி போய்க்கொண்டிரிக்குகயாணு. சாரெ விளிச்சு, எடுக்குந்நில்ல.”

ஸ்கேன் படங்களின் நகல் போய்க்கொண்டிருக்கிறது, சாரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை என்கிறான். எடுக்கமாட்டார். கல்பாத்தித் தெருவில் தேருக்கு நடுவே நிற்கிறவருக்குப் போன் அடிப்பதா கேட்கும்?

“ஜிஜி, எங்கம்மா அந்தப் பாதையிலே வந்துக்கிட்டிருக்கா. விளக்கு எரியலைன்னு வந்துக்கிட்டிருக்கா. புரியுதா ஒனக்கு?” “நாளைக்கு யார் கேட்டாலும் நான்தான் பிடுங்கச் சொன்னேன்னு சொல்லிடு.”

செருப்புச் சத்தம் கேட்டது. எதையோ இழுத்துப் போட்டு ஏறுகிற சத்தம். பிறகு, “ஊரி” என்றான்.

பச்சை அணைந்ததும் சர்வர் மொத்தப் பாரத்தையும் முதல் கேபிளுக்கே திருப்ப, ஒன்றிரண்டு விநாடிதான். நின்றுபோன படங்கள் ஒவ்வொன்றாக நடுங்கி எழுந்தன. மூன்று, ஐந்து, பதினொன்று. கடைசியாக ஏழு.

ஏழாம் கேமராவில் பாதை தெரியவில்லை. பாதை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவர் மெல்ல மூச்சு விட்டது.

ஒற்றைக்கொம்பன். எஸ்டேட்டே அறிந்த யானை. கம்பத்தை ஒட்டி, பாதைக்குக் குறுக்கே, வால் கூட ஆடாமல் நின்றது. மெஷின் அதைப் பார்த்துவிட்டது. ஆறு, ஏழு, எட்டு மூன்று கம்பங்களிலும் சிவப்பு எரிந்தது.

உயிர் வந்த மாதிரி இருந்தது பாண்டித்துரைக்கு. எரிந்துவிட்டது, இனி அம்மா வரமாட்டாள். இப்படி நினைத்துக்கொண்டே எட்டாம் கேமராவைப் பார்த்தான். வந்த உயிர் அப்படியே போய்விட்டது.

சாந்தம்மாள் ஏழாம் கம்பத்தைத் தாண்டிவிட்டிருந்தாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே, தலையில் மடித்த சாக்கோடு, எட்டாம் கம்பத்தைப் பார்த்தபடி நட்டுவைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அவள் தாண்டிய பிறகு யானை காட்டிலிருந்து பாதைக்கு இறங்கியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் இருபதடி இருந்தால் அதிகம். அவள் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் ஏன் திரும்ப வேண்டும்? எதிரே சிவப்பு எரிகிறது. சிவப்பு எரிந்தால் ஆபத்து முன்னால் இருக்கிறது என்றுதானே எவளும் நினைப்பாள். நின்ற இடத்தில் நில், அசையாதே. மைக்கில் மூன்று தடவை சொன்னவன் அவன்தான். சட்டத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டு நின்றாள் அம்மா.

அவன் சரி செய்ததுதான் அவளை யானைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தது.

அம்மா நட, என்று லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னான். கேட்கப்போகிறதா என்ன. பாண்டித்துரை அழுதுகொண்டிருந்தான், அது அவனுக்கே தெரியவில்லை. நிர்வாகப் பக்கம் இப்போது திறந்துவிட்டது. எட்டாம் கம்பத்து விளக்கை மட்டும் அணைக்க வழி இருந்தது. அணைத்தால் நடப்பாள். நடந்தால் கால் சத்தம் கேட்கும். கேட்டு அது திரும்பினால்? நின்றால் மட்டும்? காற்று மாறி அவள் வாடை அதற்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? நிற்பது நல்லதா நடப்பது நல்லதா என்று அவனுக்குத் தெரியவில்லை. இதைத் தெரிந்து சொல்லக்கூடிய ஒரே ஆள் அம்மாதான். முப்பது வருஷம் இந்தப் பாதையில் நடந்தவள். அவளிடம் கேட்க முடியாது. அவளும் இப்போது தன்னைக் கேட்டுக்கொள்ளமாட்டாள், விளக்கைத்தான் கேட்பாள்.

யானை தும்பிக்கையைத் தரையிலிருந்து தூக்கியது.

பாண்டித்துரை எட்டாம் எண்ணை அழுத்தினான். திரையில் கேள்வி வந்தது. பக்கத்துக் கேமராவில் யானை தெரிகிறது, இருந்தும் அணைக்கவா? அந்தக் கேள்வியை எழுதிச் சேர்த்தவனும் அவன்தான். இப்படி ஒரு மடையன் அணைக்க வரக்கூடும் என்று யோசித்து எழுதியது. ஆம் என்பதை அழுத்தினான்.

எட்டில் சிவப்பு அணைந்தது. ஆறிலும் ஏழிலும் எரிந்துகொண்டுதான் இருந்தது. மேலே உள்ளவர்கள் இறங்கமாட்டார்கள்.

சாந்தம்மாள் உடனே நடக்கவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி. தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், எதையோ கேட்கிறவளைப் போல. பிறகு சாக்கைச் சரிசெய்துகொண்டு, அவசரமே இல்லாமல் நடந்தாள். எட்டாம் கேமராவுக்குக் கீழே வந்தாள், மறைந்தாள். ஒன்பதில் வந்தாள். பத்தில் வந்தாள். ஒவ்வொரு சதுரத்திலும் அவள் வந்து போகிற வரைக்கும் அவன் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது.

எட்டாம் கேமராவில் சாம்பல் சுவர் நகர்ந்து வந்தது. அவள் நின்றிருந்த இடத்துக்கு வந்து நின்றது. தும்பிக்கையால் அந்தத் தரையை நிதானமாக மோந்து பார்த்தது. வெகு நேரம் மோந்து பார்த்தது. அப்புறம் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது.

“சேட்டா?” போன் இன்னும் அணையாமல் இருந்தது. “அம்ம வந்நோ?”

“வந்துட்டா ஜிஜி” என்றான்.

சாந்தம்மாள் ஈரச் சாக்கை வாசல் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். மகன் தரையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றாள்.

“என்னல, மூஞ்சி பேயடிச்ச மாதிரி இருக்கு? சோறு திங்கலையா?”

“வழியில நின்னீங்களாம்மா?”

“ஆமா. எட்டாங்கம்பத்துல செவப்பு எரிஞ்சுது. நின்னேன். பெறவு அணைஞ்சுது, வந்துட்டேன்.”

“பின்னால ஏதாவது கேட்டுச்சா?”

அவள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே யோசித்தாள். “கேட்டுச்சு. பொஸ்ஸுன்னு மூச்சு வுட்ட மாதிரி. வாடையும் அடிச்சுது. முந்தின காலமா இருந்தா சாக்கைத் தூக்கிப் போட்டுட்டு ஓடியிருப்பேன். அந்நேரம் பாத்து வெளக்கு அணைஞ்சுட்டுதா, சரி நம்ம காதுதான் கோளாறுன்னு திரும்பிக்கூடப் பாக்கல.”

பாண்டித்துரை எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். தேயிலைக் கறை ஏறிய விரல்கள் ஜில்லென்று இருந்தன.

“அம்மா, ஆனை நின்னுச்சும்மா. ஒத்தக்கொம்பன். ஒங்களுக்கு இருபதடிக்குப் பின்னால. நான்தான் வெளக்கை அணைச்சேன், நீங்க நடக்கணும்னு. ஒங்க காது சரியாத்தான் கேட்டிருக்கு. இனிமே வெளக்கைப் பாக்காதீங்க, காதைக் கேளுங்க.”

சாந்தம்மாள் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

“போலே, கோட்டிப்பயலே. ஆனை நின்னா வெளக்கு எப்பிடி அணையும்? நீ சின்னதுலேருந்தே பயந்தாங்குளி. ஒன் பேச்சைக் கேட்டா நான் வேலைக்குப் போன மாதிரிதான். எனக்கு வெளக்கு சொன்னாப் போதும்.”